காட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்

அந்த ஏலக்காட்டில் இருந்தது நாங்கள். அப்பா. அம்மா. சித்தப்பா. நான். ஒரு கோழி. அது முட்டையிடாத கோழி. விற்கப் போனால் யாரும் வாங்கவில்லை. அடித்துத் தின்ன அம்மாவுக்கு மனமில்லை. அதனால் அதுவும் கூட வந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் பாலத்தடி ஆட்கள். புருஷன். பெண்சாதி. புருஷனின் தங்கை. ஐந்து பிள்ளைகள். ஒரு நாய். ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். தகரத்தையும் ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். எல்லோரையும் விட அதிகம் பேசியது அதுதான்.

தேயிலை விலை விழுந்த காலம் அது. ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு வேலையிலிருந்து பேர் வெட்டினார்கள். அப்பா பேரும் போனது, சித்தப்பா பேரும் போனது. தோட்டம் கொடுத்திருந்த லயத்துக் காம்பராவை விட்டு இறங்கினோம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு முதலாளிக்கு மலை மேலே ஏலக்காடு குத்தகையில் இருந்தது. காய் பறித்து, காயவைத்துக் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்பா சரி என்றார். ஒரு பகல் முழுக்க ஏறினோம். கடைசி மூன்று மைலுக்குப் பாதை கிடையாது. ஓடைக்கரையில் மானாப் புல்லால் ஒரு குடிசை போட்டோம்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

காட்டுக்குள் போன முதல் நாளே அப்பா ஒரு சட்டம் போட்டார்.

"இங்க யாரும் யாரையும் பேரச் சொல்லிக் கூப்புடக் கூடாது. பேரச் சொன்னா காடு கத்துக்கிடும். அப்பறம் அதுவே கூப்புடும். நீ நம்ம ஆளுன்னு நெனச்சுப் போயிருவ."

கூப்பிட வேண்டுமென்றால் 'ஊ' என்று ஒரு கூவல். அப்பாவின் கூவல் நீளம். சித்தப்பாவின் கூவல் குட்டை. எங்களுக்கு அந்தச் சட்டம் கஷ்டமாகத் தெரியவில்லை. லயத்திலும் நாங்கள் அதிகம் பேசுகிற ஆட்கள் இல்லை.

அப்பாவும் சித்தப்பாவும் விடிந்ததும் கூடையோடு ஏறிவிடுவார்கள். அம்மாவும் நானும் காயைப் பாயில் பரப்பிக் காயவைப்போம். பாதி காய்ந்த காய் மழையில் நனைந்தால் வெடிக்கும். வெடித்த காயை முதலாளி எடுக்க மாட்டார். இவ்வளவுதான் அந்த வேலை. எதிர் மலையின் தலை மேகத்தில் மறைந்தால் பாய் சுருட்ட நேரம் இருக்கிறது என்று அர்த்தம். மலையே மறைந்துவிட்டால் நேரம் இல்லை.

மலையைப் பார்ப்பது என் வேலை. "மானம் இருட்டுனா கூவு. மறந்தியோ, தோலு உரிஞ்சிரும்" என்று அப்பா ஒரு கம்பை வெட்டிக் குடிசைக் கூரையில் செருகி வைத்தார்.

அதைத் தவிர அங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. லயத்தில் அம்மா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். இங்கே நாள் முழுக்க அம்மா எனக்கு. மத்தியானம் என் தலையை மடியில் சாய்த்துப் பேன் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். நானும் பேச மாட்டேன். அட்டை காலில் ஏறினால்கூட அசைய மாட்டேன், அவள் எழுந்துவிடுவாளே என்று.

மூன்றாவது வாரம் பாலத்தடி ஆட்கள் வந்தார்கள். முதலில் சத்தம் வந்தது. வெகு நேரம் கழித்து ஆள் வந்தது.

காட்டின் அந்தப் பாதியை முதலாளி அவர்களுக்குக் கொடுத்திருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் மூட்டை தூக்கியவர்கள். பஸ் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மலையில் பஸ் இல்லை என்று அந்தத் தொண்டைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

அத்தனை பெரிய காட்டில் எங்களுக்கு நேர் மேலே, ஓடையின் தலைமாட்டில் குடிசை போட்டார்கள். அவர்கள் பானை கழுவிய தண்ணீர் எங்களுக்குக் குடிதண்ணீராக வந்தது. சோற்றுப் பருக்கை வந்தது. ஒரு நாள் பிள்ளையின் கோவணம் வந்தது. விடிந்ததும் குரங்கு விரட்டத் தகரத்தை அடிப்பார்கள். குரங்கு பயந்து ஓடும். ஓடி எங்கள் பக்கம் வரும்.

இரண்டு நாள் பொறுத்துவிட்டு அப்பா அம்மாவிடம் சொன்னார்.

"நீ போய்ச் சொல்லிட்டு வா. நான் போனா கைகலப்பாயிரும்."

அம்மாவோடு நானும் போனேன். அந்தப் பெண்சாதி பெரிய உடம்புக்காரி. வெற்றிலை போட்ட வாய். அம்மா சொன்னதை இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"சத்தமா? நாங்க எப்ப புள்ள சத்தம் போட்டோம்?" என்று திரும்பி, காடு அதிரக் கத்தினாள். "ஏய்! எவன்டா இங்க சத்தம் போட்டவன்?"

"நான் இல்ல!" என்று ஐந்து பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். நாயும் குலைத்தது.

அம்மா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் சிரிப்பு வந்தது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஒம் பேரு என்னா?" என்றாள் அந்தப் பெரியவள்.

அம்மா பின்னால் காட்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

அம்மாவுக்கு ஒரு பெயர் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்பா 'இந்தா' என்பார். சித்தப்பா 'மதினி' என்பார். தோட்டத்தில் 'அவன் பொஞ்சாதி'. செக்ரோல் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அதை நான் வாசித்ததில்லை.

மறுநாள் காலையில் ஓடைக்கு மேலிருந்து அந்தப் பெயர் வந்தது. முழுப் பெயர். இழுத்து, நீட்டி, கடைசியில் ஒரு 'டீ' சேர்த்து. "அடுப்பு பத்த வச்சிட்டியாடீ?"

அப்பா கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்படியே நின்றார்.

"மதினி பேரு இதானா? இத்தன வருசத்துல எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார் சித்தப்பா.

அப்பா கூடையை இறக்கி வைத்தார். முந்திய நாள் தீட்டிய கத்தியை எடுத்து மறுபடி தீட்டினார்.

அன்று பதினான்கு தடவை கூப்பிட்டாள். நான் எண்ணினேன். உப்பு இருக்கா, வெத்தல இருக்கா, கோழி முட்ட போட்டுச்சா, சும்மாதான் கூப்புட்டேன். அம்மா முதலில் பதில் சொல்லவில்லை. பிறகு கையை ஆட்டினாள். பிறகு போனாள்.

அந்தப் பிள்ளைகளின் பெயர்களும் நாள் முழுக்கக் காட்டில் கேட்டன. திட்டுவதற்கு, சாப்பிடுவதற்கு, ஒன்றுக்கும் இல்லாமல். என் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. ஒரு நாள் குடிசைக்குப் பின்னால் போய் என் பெயரை நானே சொன்னேன். காடு கற்றுக்கொள்ளட்டும் என்று நின்றேன். அது கற்றுக்கொள்ளவில்லை.

அம்மா போய் வரும்போதெல்லாம் ஏதோ ஒன்று மாறி வந்தது. ஒரு நாள் வாய் சிவந்திருந்தது. ஒரு நாள் தலையில் எண்ணெய். ஒரு நாள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே காயைக் கிளறினாள். "என்னா பாட்டு?" என்றேன். "ஒண்ணும் இல்ல" என்றாள். அவர்களிடம் இருப்பது என்னிடம் வரும்போது ஒன்றும் இல்லை.

"ஏய் ஊமச்சி, நீயும் வாயேன்" என்று அந்தப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. ஓடைக் கல்லில் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்படி ஒரு மத்தியானம் பார்த்தது இது. பெரியவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அம்மாவின் தலை. பெரியவள் அம்மாவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. பக்கத்தில் தகரம் அடிக்கிறார்கள், இரண்டு பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள், நாய் குலைக்கிறது. அதற்கு நடுவில் அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பகலில் தூங்கி நான் கண்டதில்லை.

  குடிசைக்கு வந்து ஒரு ரொட்டி தின்றேன். பசிக்காமலே இன்னொன்றும் தின்றேன்.

இரண்டு நாள் கழித்து, வெயில் நன்றாக இருந்தது. எட்டுப் பாயிலும் காய் கிடந்தது. ஒரு வாரத்துப் பறிப்பு. மேலேயிருந்து அந்தப் பெயர் வந்தது.

"மலையப் பாத்துக்க. மறைஞ்சா கூவு. நான் ஓடி வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு அம்மா போனாள்.

நான் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர் மலையின் தலை மறைந்தது. பார்த்தேன். கூவ வாயைத் திறந்தேன். அப்போது மேலே சிரிப்புக் கேட்டது. அதில் அம்மாவின் சிரிப்பும் இருந்தது. இப்போது அதைத் தனியாகப் பிரித்து எடுக்க எனக்குத் தெரியும்.

நான் கூவினால் அம்மா வருவாள். பாய்க்காக வருவாள்.

வாயை மூடிக்கொண்டேன். மலையே மறைந்தது. முதல் துளி பெரிதாக விழுந்தது. ஏலக்காயில் விழுந்தபோது வாசனை குப்பென்று வந்தது. நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். தலை நனையவில்லை.

அவர்கள் வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள். பெரியவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் வந்தாள். பிள்ளைகள் ஐந்தும் ஓடையில் விழுந்து எழுந்து வந்தன. "பிடிடா! சுருட்டுடா! அந்த மூலைய விடாத!" என்று காடே அதிர்ந்தது. அம்மா எங்கள் வாசலுக்கு முன்னால் இருந்த பாயைக் குனிந்து சுருட்டினாள். ஒரு தடவை வாசல் பக்கம் நிமிர்ந்தாள். திரும்பக் குனிந்தாள். மூன்று பாய் தப்பியது. ஐந்து நனைந்தது.

நனைந்த காயைப் பெரியவள் கூடையில் வாரினாள். "எங்க அடுப்பு பெருசு. பரண்ல போட்டுக் காய வைக்கலாம். பாதியாவது மிஞ்சும்" என்றாள்.

மேலேயிருந்து அப்பாவின் கூவல் வந்தது. நீளக் கூவல். இறங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா குடிசைக்குள் வந்தாள். தண்ணீர் சொட்டியது. நின்று என்னைப் பார்த்தாள்.  சொட்டுகிற முந்தானையை எடுத்து என் தலையை அழுத்தித் துடைத்தாள். பிறகு முதுகை. பிறகு கையை. காய்ந்து கிடந்த என் தலையை எதற்குத் துடைக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்பா பாயைப் பார்த்தார். கூரையிலிருந்த கம்பை உருவினார்.

"மானம் இருட்டுனது தெரியலியா?"

"தெரியல" என்றாள் அம்மா.

"புள்ள எங்க போச்சு?"

"எங்கூடத்தான் இருந்தா. நான்தான் வாடின்னு கூட்டிட்டுப் போனேன்."

அப்பா என் தலையில் கை வைத்தார். ஈரம். கம்பை வெளியே எறிந்தார்.

பெரியவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அண்ணே, தங்கச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கூப்புட்டது."

"பேரச் சொல்லியா கூப்புடுவ? அந்தப் பேர ஒனக்கு யார் குடுத்தது?"

"அவதான் குடுத்தா. நீங்க கேட்டா ஒங்களுக்கும் குடுப்பா."

சித்தப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.  அன்று இரவு அப்பா சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டுச் சொன்னார்.

"நாளைக்கு மேல போறோம். சத்தம் கேக்காத எடத்துக்கு."

போனோம். முகட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு ஓடை. புதுக் குடிசை. மலையைப் பார்க்கிற வேலையையும் அம்மாவே எடுத்துக்கொண்டாள். காய்ந்து மிஞ்சிய காயைப் பெரியவளின் மூத்த பையன் கூடையோடு கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். அந்த வீட்டில் ஒருவர் பேசாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

அம்மா மறுபடி எனக்கே எனக்கு. மத்தியானம் மடியில் தலை வைத்துப் படுப்பேன். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் முகட்டைத் தாண்டி ஒரு குரல் வரும். என்ன பெயர் என்று தெரியாது. யாரையோ கூப்பிடுவது மட்டும் தெரியும். என் தலையில் அம்மாவின் விரல் நின்றுவிடும். "பாரும்மா" என்று தலையை ஆட்டுவேன். விரல் மறுபடி நடக்கும்.

ஆனாலும் அம்மா மேல் எனக்கு இருந்த கோபம் வெகுகாலம் போகவில்லை. அவர்களோடு சிரித்த சிரிப்பில், தான் பெற்ற பிள்ளை கூட இருந்ததா இல்லையா என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. அப்படித்தான் மனதில் வைத்திருந்தேன். கூட்டிப் போனேன் என்கிறாள். காய்ந்த தலையைத் துடைக்கிறாள். என்னை அவள் பார்க்கவே இல்லை.

அம்மா அதைப் பற்றிச் சாகும்வரை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஈரத் துணியால் துடைத்தால் தலை நனையும். இது எனக்கு விளங்க முப்பது வருடம் ஆனது.

அம்மா குனிந்து சுருட்டிய முதல் பாய்க்கும் நான் உட்கார்ந்திருந்த வாசலுக்கும் இடையில் ஒன்பது அடி.