பாஸ் போட்ட கடைசி அடுக்கு

சைட்டில் எல்லாருக்கும் அவள் ‘டெஸ்ட் அக்கா’தான். புதுச் சாலைக்கு மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி முடித்ததும் அவள் போய்க் குந்துவாள். உளியால் சின்னக் குழி ஒன்று தோண்டி, எடுத்த மண்ணை ஒரு பொடி விடாமல் வழித்து எடை போடுவாள். பிறகு குழியில் சலித்த மணலை நிரப்பி, எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பாள். மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது கணக்கில் தெரிந்துவிடும். தொண்ணூற்றேழு சதவீதம் வந்தால் அடுத்த அடுக்கு. வராவிட்டால் மறுபடி ரோலர். எஞ்சினியரே கண்ணைக் காட்டினாலும் ஒரு புள்ளி கூட்டிப் போட மாட்டாள்.

வயது நாற்பது. தங்கை வீட்டு மாடியறையில் இருந்தாள். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் அப்பா படுத்த படுக்கை. அவர் போனபின் பேச்செடுக்க ஆளில்லை.

ரோலர்காரர் மனைவியை இழந்தவர். வந்த முதல் மாதமே அவர் ஓட்டிய அடுக்கை மூன்று தடவை ஃபெயில் போட்டாள். மற்றவர்களைப் போல அவர் எகிறிக் குதிக்கவில்லை. “மண்ணு காஞ்சு கெடக்கு, உங்க மேல என்ன தப்பு?” என்று தண்ணீர் லாரியைக் கூப்பிட்டார். அதிலிருந்து அவள் எடை போடும்போதெல்லாம் இறங்கி வந்து, காற்றுக்குத் தராசு ஆடாமல் மறைத்து நிற்பார். ஒன்றரை வருஷம். பேசியதெல்லாம் மண், மழை, அவர் மகளின் பரீட்சை.

கடைசி அடுக்கு அன்று சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதுல ஃபெயில் போட்டுடுங்களேன். இன்னும் நாலு நாள் இங்கயே ஓட்டிக்கிட்டிருப்பேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கு தொண்ணூற்றெட்டு காட்டியது. மறுபடி போட்டாள். அதேதான். தொண்ணூற்றாறு என்று எழுதினால் கேட்க நாதியில்லை.

“என்னங்க?” என்றார்.

“பாஸ்.”

அவர் முகம் வாடியதைப் பார்த்தாள். அவருக்கும் பிரிய மனமில்லை, இது போதும் என்று அப்போது நினைத்தாள். போதவில்லை.

மறுநாள் ரோலரை டிரெய்லரில் ஏற்றி வேறு சைட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவரும் கூடவே போய்விட்டார்.

“என்னக்கா, தட்டுல கைய வச்சுக்கிட்டு எங்க போயிட்ட?” என்று தங்கை கேட்பாள்.

“எங்கயும் இல்லடி.”

ஆறு மாதம் கழித்து அவர் போன் செய்தார். மகள் பாஸாகிவிட்டாளாம். பின்னால் ரோலர் உறுமிக்கொண்டிருந்தது.

“இங்க டெஸ்ட் பண்றவர் ஆபீஸ்ல உக்காந்தே நம்பர் எழுதிடறாரு. எனக்கு மனசே கேக்கல.”

யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள், மாடிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கேட்டாள்: “அங்க டெஸ்டுக்கு ஆள் எடுப்பாங்களா?”

உறுமல் நின்றது. வண்டியை அணைத்துவிட்டார்.

“வேலைக்குத்தான் கேக்கறீங்களா?”

“வேலைக்கும்தான்.”

“நாளைக்கே விசாரிக்கறேன்” என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.