போஸ்டர் கடை பர்வீனுக்கு

பர்வீன் இன்று காலை இறந்துவிட்டாள்.

கோவில்பட்டியில் போஸ்டர், பேனர் அடிக்கும் கடையில் பக்கத்து சிஸ்டத்தில் என்னோடு ஆறு வருடம் உட்கார்ந்தவள். முப்பத்தாறு வயது. நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்குள்... அவ்வளவுதான். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் ஆகிவிட்டது.

என் சின்ன மகள் இப்போதுதான் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

இந்த ஊர்ச் சுவர்களில் நீங்கள் படித்த கண்ணீர் அஞ்சலி வரிகளில் பாதி அவள் எழுதியது. முகம் என் வேலை. மங்கிப்போன ரேஷன் கார்டு போட்டோ, கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசைத் தலை... எதைக் கொடுத்தாலும் முகத்தைத் துலக்கி எடுத்துவிடுவேன். வரிக்கு அவள். இறந்தவர் என்ன வேலை பார்த்தார், யாரோடு சண்டை போடுவார், எதற்குச் சிரிப்பார் என்றெல்லாம் வீட்டு ஆட்களிடம் கேட்டுவிட்டுத்தான் டைப் பண்ணுவாள்.

தொடங்கும் முன் கண்ணை மூடி இறந்தவருக்காக ஒரு துஆ கேட்பாள். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டவராக இருந்தாலும்.

"அவிய யாருன்னே உனக்குத் தெரியாதேட்டி" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. அல்லாவுக்குத் தெரியும்லா. நீ டீயைக் குடி, ஆறுது."

கடையில் நாங்கள் நாள் முழுக்க யாரையாவது புறம் பேசி உரித்துக்கொண்டிருப்போம். நானும்தான். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும் பர்வீன் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். பாட்டில் நிறைந்திருந்தாலும் போவாள். இன்றைக்கு எத்தனாவது பாட்டில் என்று கேலி செய்தால், "நீங்க பேசுத பேச்சுக்குத் தாமிரபரணி பத்தாது" என்று சிரிப்பாள்.

ஒருமுறை கோயில் கொடைத் திருவிழாவுக்கு பேனர் அடிக்க ஐந்தாறு இளவட்டங்கள் வந்தார்கள். "அக்கா, படிச்சா மேலத்தெருக்காரனுக்கு உறைக்கணும்" என்று ஒரு வரி கொடுத்தார்கள். வாசித்தால் வெட்டுக்குத்தில்தான் முடியும், அப்படி ஒரு வரி.

பர்வீன் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். "கொடை உங்க அம்மனுக்கா, மேலத்தெருக்காரனுக்கா? பேனர் பூரா அவனைப் பத்தியே எழுதச் சொல்லுதீங்க."

ஒருவன் சிரித்துவிட்டான். அப்புறம் எல்லோரும். அம்மனைப் பற்றி அவள் எழுதிக்கொடுத்த நாலு வரியோடு போனார்கள்.

இனி என் கதை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், சின்னவள் கைக்குழந்தை. எனக்குத் தூக்கமே இல்லை. எப்போதும்வென்றான் ஊரிலிருந்து ஒரு அஞ்சலி போஸ்டர் ஆர்டர். அப்பா இறந்துவிட்டார், மகன் வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ அனுப்பியிருந்தார், மேலே போட அப்பாவுடையது, கீழே போடத் தன்னுடையது. அப்பாவின் போட்டோ நாற்பது வயதில் எடுத்தது. மகனுக்கு இப்போது ஐம்பத்தைந்து, வழுக்கைத் தலை. வயதானவராகத் தெரிந்தவரை மேலே போட்டு மாலையும் போட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டியாகிவிட்டது.

சரியான போஸ்டரை எடுத்துக்கொண்டு பர்வீனும் என்னோடு பஸ் ஏறினாள். அந்த மகன் எங்களைப் பார்த்துக் கோபப்படவே இல்லை. "எங்கய்யாவுக்கு அழ வந்தவன் எல்லாம் என்னையப் பாத்துப் பயந்து ஓடுதான் தாயி. பழசுல ஒண்ணு குடுத்துட்டுப் போங்க, பீரோல வைக்கேன். பொறவு உதவும்."

அதோடு முடிந்திருக்கலாம். ஊர் குரூப்பில் முடியவில்லை. "உயிரோட உள்ளவங்க அந்தக் கடைப்பக்கம் போகாதீங்க" என்று நாலு நாள் ஓடியது. ஐந்தாவது நாள் யாரோ என் ப்ரொபைல் போட்டோவை, குழந்தையோடு நான் இருந்ததை, அதே போஸ்டரில் ஒட்டி அனுப்பினார்கள்.

பிள்ளை முகத்தைச் சுற்றி மாலை.

பர்வீன் என் வீட்டுக்கு வந்தாள். என் போனில் இருந்து அதை அழித்தாள். சின்னவளை மடியில் போட்டுக்கொண்டு வாய்க்குள்ளேயே ஏதோ ஓதி நெற்றியில் ஊதினாள்.

"இதை அனுப்புனவனுக்குப் பதில் சொல்ல சுருக்குன்னு ஒரு வரி வருதுட்டி" என்றாள். "எழுத மாட்டேன். அவனுக்குப் போயி அதை வீணாக்கவா?"

எனக்கு அந்த மனசு இல்லை. அன்றோடு வேலையை விட்டேன். போட்டோஷாப்பைத் திறந்தாலே அந்த மாலைதான் தெரிந்தது.

ஆனால் வாரம் தவறாமல் அவளிடமிருந்து வாய்ஸ் நோட் வரும். கடைசியாகப் போன வியாழக்கிழமை வந்தது. "ஏட்டி, எப்ப வாரே? புதுசா வந்த பிள்ளை எல்லாரையும் செவப்பாக்கி விடுதா. நம்ம கரிசக்காட்டு மனுசங்க பூரா தக்காளிப்பழம் மாதிரி இருக்காவ."

அடுத்த வாரம் வாரேன் என்று அனுப்பினேன். எட்டு மாதமாக அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இன்று அவள் வீட்டுக்குப் போய் முகம் பார்த்தேன். வெள்ளைத் துணிக்கு நடுவில்... சரிசெய்ய ஒன்றுமே இல்லாத முகம்.

கடை சார்பில் போஸ்டர் ஒட்டவா என்று முதலாளி கேட்டார். "வேண்டாம் அண்ணாச்சி, அவளுக்கு துஆ செய்ங்க, போதும்" என்றார் பர்வீனின் வீட்டுக்காரர்.

கிளம்பும்போது முதலாளி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "அவ சிஸ்டத்துல ஒரு வேலை பாதியில நிக்கும்மா. புதூர்ப் பக்கம் ஆடு வளர்த்த பெரியவர் ஒருத்தர். வரியெல்லாம் நேத்தே எழுதி முடிச்சிட்டா. போட்டோவுலதான் முகம் ஒண்ணும் தெரியல. நாளைக்குப் பத்து மணிக்கு வந்துருவாங்க..."

ஒன்பதுக்கே வாரேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன்.

போயிட்டு வா பர்வீன். அந்தப் பெரியவர் முகத்தை நான் பாத்துக்கிடுதேன்.