சுல்பா சாச்சியின் பழைய பேப்பர்கள்

கற்பிட்டித் துறையில் அப்பம் விற்கும் சுல்பா சாச்சிக்கு உலகம் ஒரு வருடம் பிந்தித்தான் நடக்கும். அப்பம் சுற்றப் பழைய பேப்பரைக் கிலோவாக வாங்குவார். வாசிக்காமல் ஒரு தாளையும் கிழிக்கமாட்டார். ஒருமுறை பழைய பேப்பரொன்றை, "இண்டையது, சாச்சி" என்று நீட்டினேன். மூன்றாம் வரியிலேயே பிடித்துவிட்டார். அன்று எனக்கு அப்பத்தோடு தொட்டுக்கொள்ளக் கட்டைச்சம்பல் கிடைக்கவில்லை.

அவருடைய மகள் அக்கீலா பெய்ரூட்டில் வீட்டு வேலை செய்கிறாள். அங்கே குண்டு விழத் தொடங்கியதிலிருந்து சாச்சி அன்றன்றைய பேப்பரையும் என்னிடம் வாங்கி வரச் சொன்னார். அக்கீலா பேசி அனுப்பும் குரல்பதிவு என் போனுக்குத்தான் வரும். சாச்சியின் போனில் கதைக்க மட்டுமே முடியும். மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை.

நாலாம் நாள் காலை பேப்பரில், 'இலங்கையருக்குப் பாதிப்பில்லை' என்றிருந்தது. பக்கத்தில் இடிந்த மாடிவீட்டின் படம். என் போனிலோ, கூட்டாளி ஸப்ரான் குரூப்பில் அனுப்பிய வீடியோவில் பெய்ரூட்டே எரிந்தது, சோகப் பாட்டோடு. முதலில் காட்டுகிற ஆள் நானாக இருக்கவேண்டுமென்று ஓடினேன்.

சாச்சி அழவில்லை. "கிட்டக் காட்டு" என்றார். "எல்லாரும் ஏன்டா குளிர்ச்சட்டை போட்டிரிக்காங்க? அக்கீலா போன கிழமையும் வேர்க்குது வேர்க்குதெண்டுதானே செல்லிச்சி?"

"அப்ப இது பழசு, சாச்சி. பேப்பர்தான் சரி."

பேப்பரை வாங்கிப் படத்தை உற்றுப் பார்த்தார். இடிந்த பல்கனியில் ஒரு சிவப்புக் கம்பளம் தொங்கியது. ஆட்கள் உட்காரும் வாங்குக்குக் கீழே இருந்த பழைய பேப்பர்க் கட்டை இழுத்துக் கிளறினார். எண்ணெய்க் கறையோடு ஒரு தாள் வந்தது. அதே பல்கனி, அதே கம்பளம். கீழே வேறொரு ஊரின் பெயர்.

"அப்ப எதுதான் மெய், சாச்சி?"

"அவள் கதைச்சாத்தான் மெய்."

திரும்பி மாவை ஊற்றினார். அந்த அப்பம் கருகிப்போனது. சாச்சியின் அப்பம் கருகி நான் கண்டதில்லை. "எனக்குக் கருகினதுதான் விருப்பம்" என்று வாங்கித் தின்றேன். வாயெல்லாம் கசப்பு. போகிற வழியில், ஸப்ரானின் வீடியோவுக்குக் கீழே 'குளிர்ச்சட்டையைப் பாருங்கடா' என்று எழுதிவிட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். ஒருவரும் வீடியோவை அழிக்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போன் அதிர்ந்தது. திரும்பவும் ஓடினேன்.

"உம்மா, நான் நல்லா இரிக்கன். கரண்ட் இல்ல, போன் செத்துப்போச்சி. முன்வீட்டுக் கண்ணாடியெல்லாம் நொறுங்கிட்டு. மேடத்துட பேத்தி பயத்துல என்ன விட்டு இறங்குதில்ல..."

சாச்சி மூன்று தரம் கேட்டார். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முன்வீட்டுக் கண்ணாடி பேப்பர்ல வரல்லியே."

"போன்லயும் வரல்ல, சாச்சி."

"ம்." தாச்சியை அடுப்பில் வைத்தார். எனக்கென்று ஒரு முட்டையை உடைத்து ஊற்றினார். கருகவில்லை. "நாளைக்கும் பேப்பர் கொண்டு வா. திகதியப் பாத்துக் கொண்டு வா, கள்ளப்பயலே."