நோட்டில் ஏறாத சின்னான்

பைனாகுலர் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைக்கலாம் என்று இன்று காலை எடுத்தபோது, உறையின் பக்கப் பையில் ஒரு புளியங்கொட்டை கிடைத்தது. உறைக்குள் இன்னும் லேசாகப் புளி வாசனை.

என் மனைவி ஸ்டெல்லாவின் வேலை அது. மலைப்பாதை வளைவுகளில் அவளுக்குக் குமட்டும். ஒரு சுளைப் புளியை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். கொட்டையைப் பேருந்து ஜன்னல் வழியாகத் துப்ப மாட்டாள். குப்பை போட்ட பிள்ளைகளை முப்பது வருடம் வகுப்பில் நிற்க வைத்த டீச்சர். அதனால் என் பைனாகுலர் உறைதான் குப்பைத்தொட்டி.

மலைக்குப் போகத் தொடங்கியது நான் நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம். சர்க்கரையால் அவள் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. இருக்கிற பார்வையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: “பத்திரமா வச்சினு இன்னா பண்றது? செலவு பண்ணிடலாம் வாங்க.”

அப்படித்தான் சனிக்கிழமைதோறும் கண்ணமங்கலத்திலிருந்து கிளம்பி, பேருந்து மாறி மாறி, மலைமேல் இருக்கும் காவலூருக்குப் பறவை பார்க்கப் போனோம். அங்கே சின்னப்பொண்ணு என்றொரு பெண், சாமை விதைக்கிறவள், எங்களுக்குப் பழக்கமானாள். அவள் வீட்டில் உட்கார்ந்துதான் கட்டுச்சோற்றைப் பிரிப்போம். புளியும் அவள் கொடுத்ததுதான்.

பறவை நோட்டு என் பொறுப்பு. இரண்டு பேர் உறுதி செய்யாத தகவல் அச்சேறாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். அதை மலைக்கும் கொண்டுபோனேன். இருவரும் பார்த்தால்தான் பறவைக்கு எண். நான் மட்டும் பார்த்த ஒரு கொண்டலாத்தியின் பெயரை நோட்டில் நானே கோடு போட்டு அடித்துவிட்டு, அதற்காக மூன்று வாரம் இருவரும் அலைந்தோம். எங்கள் ஊர் வரப்பிலேயே மேய்கிற பறவை அது.

மழை விட்ட ஒரு காலையில், பாறை மேட்டின் மறுபக்கம் நான் கரடி எச்சத்தைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் ஸ்டெல்லா உட்கார்ந்திருக்க, சின்னப்பொண்ணு அருகில் விறகு கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க! சீக்கிரம் வாங்க!”

ஓடி வந்தபோது புதர்க்கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“தல மஞ்சள், தொண்ட மஞ்சள். வாலுக்கு அடியிலயும் மஞ்சள். சின்னான் மாதிரியே கத்துச்சு.”

மஞ்சள் தொண்டைச் சின்னான். பாறைக் குன்றுகளை விட்டு இறங்காத பறவை. அந்த வருடம் முழுக்க நாங்கள் தேடியது.

“மாங்குயிலா இருக்கும்” என்றேன்.

“மாங்குயில் எனக்குத் தெரியாதா? எழுதுங்க.”

“நான் பாக்கலியே.”

“அப்ப நான் பொய் சொல்றனா?”

“பொய்னு யாரு சொன்னா? விதின்னு ஒண்ணு இருக்கில்ல.”

விதியெல்லாம் இல்லை. அவள் கண்ணை நான் நம்பவில்லை. அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் வெகுநேரம் துடைத்தாள். “சரிங்க, எடிட்டர் சார்” என்றாள்.

அதன்பிறகு நோட்டு வேகமாக நிரம்பியது. நான் கையை நீட்டி முடிப்பதற்குள் “பாத்தேன், எழுதுங்க” என்பாள். கண் தேறிவருகிறது என்றுகூட நினைத்தேன். மறு வருடம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. அதற்கடுத்த வருடம் அவள் இல்லை.

போன மாதம் தனியாகக் காவலூர் போனேன். சின்னப்பொண்ணு சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா சாரு, அம்மா வர்லீங்களா?”

சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்க கை காட்டுற குருவி பாதி அம்மா கண்ணுக்குத் தெரியாது சாரு” என்றாள் பிறகு. “‘தெரியலன்னு சொன்னா மலைக்கு வர்றதையே நிறுத்திடுவாரு, வூட்லயே குந்த வச்சிடுவாரு’ன்னு சொல்லிச் சிரிக்கும். அந்த மஞ்சத்தலக் குருவிதான் நல்லா தெரிஞ்சுது. கிட்டக்க குந்தியிருந்துச்சே. நானுந்தான் பாத்தேன்.”

“நீ ஏம்மா அன்னிக்கே சொல்லல?”

“நீங்க என்னக் கேக்கலியே சாரு.”

சம்பவ இடத்தில் இருந்தவரைக் கேட்டீர்களா என்று நிருபர்களை முப்பது வருடம் விரட்டியவன் நான். விறகு கட்டுகிறவளும் பறவையைப் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்று அந்தப் புளியங்கொட்டையைத் திரும்ப உறைக்குள்ளேயே போட்டுவிட்டு நோட்டைத் திறந்தேன். சாட்சி இரண்டாகிவிட்டது; ஸ்டெல்லா பார்த்த தேதியைப் போட்டுச் சின்னானை எழுதினேன். இனி, விதிப்படி, அவள் பார்க்காதவற்றை அடிக்க வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு கடைசி நான்கு பக்கங்களைப் புரட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே என் கையெழுத்தில் ‘இருவரும்’ என்று இருக்கிறது. அதில் எது உண்மை என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.