இரவல் அடுப்பு

ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களை ஒரு குடும்பமாக்குவது எது? சோறா, சண்டையா, சுவரில் தொங்கும் ஒற்றை மின்மீட்டரா? மூத்தவள் இப்படியெல்லாம் யோசிக்கிறவள் அல்ல. ஆனால் அவள் வாழ்க்கை இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. சூடான உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்புகளை நுழைக்க வேண்டும். மறுபக்கம் மொடமொடவென்று வருவதை இழுத்து மடிக்க வேண்டும். பகலெல்லாம் ஆவியில் வெந்துவிட்டு வருகிறவள் வீட்டில் கேட்பது தலைக்கு மேல் கொஞ்சம் காற்று. அதில்தான் ஓரகத்தியோடு தகராறு.

சின்னவள் வீட்டிலேயே மோட்டார் மெஷினில் சட்டைக் காலர் தைப்பவள். இவர்களைக் கட்டிய அண்ணன் தம்பி இருவரும் போய்ச் சேர்ந்துவிட, இரண்டு பெண்களும் இந்த வீடும்தான் மிச்சம்.

"வந்ததும் வராததுமா ஃபேனா? யாரு அப்பன் வீட்டு கரண்டு?" என்பாள் சின்னவள்.

"உன் மெஷின் மட்டும் காத்துலயா ஓடுது?"

"அது சோறு போடுதுக்கா."

"அப்ப தனியாப் போய்ச் சாப்பிடு. என்னை விடு."

'தனியாப் போ' என்று மூத்தவள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தாள். சொன்ன கையோடு இருவருக்கும் சேர்த்தே உலை வைப்பாள்.

அந்தக் கோடையில் மின்கட்டணம் கழுத்தை நெரித்தது. ஒருமுறை இணைப்பையே துண்டித்துவிட்டுப் போனார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று கேள்விப்பட்டு இருவரும் மின் அலுவலகத்துக்குப் போனார்கள். இருவர் சம்பாத்தியத்தையும் கூட்டியபோது வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம், அப்போது ஆளுக்கொரு மீட்டர், இருவருக்குமே தள்ளுபடி என்றார் எழுத்தர். ஆனால் வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார் என்றும் சொன்னார்.

சின்னவள் பக்கத்து வீட்டில் ஓர் அடுப்பை இரவல் வாங்கினாள். பின்னறையில் துணிக்கட்டுகளை ஒதுக்கிவிட்டு அதை வைத்தாள். மேலே ஒரு பாத்திரத்தையும் ஏற்றினாள்.

"பாத்திரம் காலியா இருக்கேடி," என்றாள் மூத்தவள்.

"தண்ணி ஊத்தி வைக்கிறேன். நீ சொதப்பாம இருந்தாப் போதும்."

"நான் என்ன சொல்லணும்?"

"எங்களுக்கு ஒத்துப்போகாது, தனித்தனியாச் சமைக்கிறோம்னு சொல்லு. முதல் பாதி நிஜம்தானே."

அலுப்பிலும் மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் வந்த அதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முன்னடுப்பைப் பார்த்தார். பின்னறையையும் எட்டிப் பார்த்தார். எதையும் கிளறுகிற தெம்பு அவரிடம் இல்லை.

"ரெண்டு குடித்தனம், அப்படித்தானேம்மா? ஆமான்னு சொன்னா எழுதிட்டுக் கிளம்பறேன். இன்னும் தெருவே பாக்கி இருக்கு."

சின்னவள் இரவல் அடுப்புக்குப் பக்கத்தில், யார் வீட்டுக்கோ குடிவந்தவள்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூத்தவள் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள்.

"ஒரே அடுப்புதாங்க," என்றாள். "அது பக்கத்து வீட்டுது."

பேனா நின்றது. "யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"ஒரே அடுப்புதான்."

அவர் படி இறங்கியதும் சின்னவள் வெடித்தாள். "தனியாப் போ, தனியாப் போன்னு என் உயிரை எடுத்தியே! எழுதிக்கிறதுக்குன்னே ஒருத்தன் வந்து நின்னப்ப உனக்கு வாய் வரலியா?"

மூத்தவள் செய்ததை நேர்மை என்று சொல்ல இடமில்லை. சலவைக்கூடத்தில் வயதைக் குறைத்துச் சொல்லித்தான் அவள் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். தியாகம் என்றால், இதனால் யாருக்கும் காலணா லாபமில்லை. நஷ்டம்தான், அதுவும் இருவருக்கும்.

மூத்தவள் பாத்திரத்திலிருந்த தண்ணீரைக் கொட்டினாள். அடுப்பை இடுப்பில் இடுக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, இருவருக்கும் அரிசி களைந்தாள். மின்விசிறியைப் போடவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று சின்னவள் பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டும் அவள் சொன்னதில்லை.