நடுங்கிக்கொண்டே நின்ற அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நாளில் எங்கள் இல்லம் தேடி வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் மூத்த மகளாகிய நான் எழுதுவது.

அம்மா பிறந்தது தொண்டூரில், மணிலா என்னும் நிலக்கடலை பயிரிட்ட குடும்பத்தில். மணமாகிச் செஞ்சிக் கடைவீதிக்கு வந்தார்கள். அங்கே நாங்கள் நைனா என்று அழைத்த அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். அம்மாவை எல்லோரும் தைரியசாலி என்பார்கள். அம்மா எவ்வளவு பயந்தவர்கள் என்பது உடன் படுத்து வளர்ந்த எனக்குத்தான் தெரியும். பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை கண்ணைத் திறக்க மாட்டார்கள்.

நைனா மாரடைப்பில் திடீரென்று இறந்தபோது தம்பி கைக்குழந்தை. காரியம் முடிந்த மறுவாரமே நைனாவின் பங்காளி ஒருவர் சில ஆட்களுடன் கடைக்கு வந்தார். பொம்பளையால் கடை நடத்த முடியாது, சாவியைக் கொடு என்றார். ஓர் ஆள் ஷட்டரை இழுக்கத் தொடங்கினான். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே அம்மா வந்து நின்றார்கள். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். முந்தானையைப் பற்றியிருந்த அம்மாவின் கை நடுங்கியது.

"பூட்றதுன்னா என்னியும் புள்ளைங்களையும் உள்ள வச்சே பூட்டிட்டுப் போங்க" என்றார்கள்.

பக்கத்து வளையல்கடை பாய் எழுந்து வந்து அம்மாவின் அருகில் நின்றார். அவரைப் பார்த்து எதிர்க்கடைக்காரர்களும் வந்தார்கள். பங்காளி போய்விட்டார். அவர் தெரு திரும்பியதும் அம்மா தரையில் சரிந்து வாந்தி எடுத்தார்கள். பல மாதம், வாசலில் நிழல் விழுந்தாலே பதறினார்கள். பதறிக்கொண்டே வியாபாரம் பார்த்தார்கள். அந்தக் கடைதான் எங்கள் இருவரையும் படிக்கவைத்தது.

சென்ற ஆண்டு நுரையீரலில் நீர் கோத்துப் புதுச்சேரியில் மருத்துவமனையில் சேர்த்தோம். எல்லாம் சரியாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிற்பகல் அம்மா மாஸ்க்கை விலக்கி, "உனக்கு பயமா இருக்குதா?" என்றார்கள்.

"இருக்குதும்மா."

"எனக்குந்தான். எதுனா பேசிக்கினே இரு."

தம்பி மகனின் சேட்டை, கடைக்கு வந்திறங்கிய குடங்கள், காலையில் வைத்த குழம்பு என்று வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். நடுவில், என் விரல்களைப் பற்றியிருந்த அம்மாவின் பிடி தளர்ந்தது. நிறுத்துவதற்குப் பயமாக இருந்தது. செவிலியர் வந்து என் தோளைத் தொடும்வரை பேசிக்கொண்டே இருந்தேன்.

வளையல்கடை பாயின் பிள்ளைகளுக்கும், மருத்துவமனைக்கு முறைவைத்துச் சோறு கொண்டுவந்த வல்லத்துச் சித்திக்கும், சுமந்தவர்களுக்கும், உடன் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மா இல்லாத வீட்டின் அமைதி எனக்கு இன்னும் அச்சமூட்டுகிறது. சாப்பிட்டதும் எழுந்துவிடாதீர்கள். சற்று இருந்து, பேசிவிட்டுப் போங்கள்.