ஆறாம் பாடமும் மைதா பசையும்

போன வாரம் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் புது பாஸ்டர் ஒரு பட்டியல் போட்டார். விசுவாசிகள் இந்த வருடம் படிக்க வேண்டிய புத்தகங்களாம். ஜெபத்துக்கு ஒன்று, வேத ஆராய்ச்சிக்கு இரண்டு, சபை நடத்துகிறவர்களுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. எல்லாம் பிடிஎஃப். தட்டினால் திறந்துகொள்கிறது. நான் மற்றதை விட்டுவிட்டுக் குடும்பப் புத்தகத்தில் மனைவியைப் பற்றிய பாடம் எங்கே என்று தேடினேன். எந்தக் குடும்பப் புத்தகம் கைக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். என் குணம் அப்படி. படித்து முடித்ததும் மூக்கில் மைதா பசை வாசனை அடித்தது. போனில் ஏது வாசனை என்பீர்கள். சொல்கிறேன்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் எனக்குச் சுங்கை வேயில் எலக்ட்ரானிக் ஃபேக்டரி வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில், ஞானம் ஆன்டி வீட்டில் ஓர் அறை எனக்கு வாடகைக்கு. ஆன்டிதான் சபையின் மாதர் சங்கத் தலைவி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம். அன்றைய பாஸ்டர் சிபாரிசு செய்கிற புத்தகம் மெட்ராஸிலிருந்து கடல் தாண்டி ஒரே ஒரு பிரதிதான் வரும். ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். வாசிப்பவள் நான். குரல் இனிமை என்பதால் இல்லை, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை என்பதால். ரயில் போகும்போது மட்டும் நானும் தோற்றுப்போவேன். அந்த நேரத்தில் கடலைத் தட்டு ஒரு சுற்று வந்துவிடும்.

ஞானம் ஆன்டியின் கை சும்மா இருக்காது. இந்த ஊர் ஈரத்தில் பாட்டுப் புத்தகங்களின் அட்டை கழன்றுபோகும். நான் வாசிக்க வாசிக்க, அவர் பால் டின்னில் மைதா பசையை வைத்துக்கொண்டு ஒட்டிக்கொண்டே இருப்பார். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துத்தம் கலந்திருக்கும். புளித்த மாவும் மருந்தும் சேர்ந்த வாசனை. எனக்குப் பிடிக்காது. இப்போது அதற்கு ஏங்குகிறேன் என்றால் என்னை நானே என்ன சொல்வது!

அந்த முறை வந்தது குடும்ப வாழ்க்கைப் புத்தகம். முதல் ஐந்து பாடங்கள் நல்ல பாடங்கள், பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைகளோடு சேர்ந்து ஜெபம் செய், பக்கத்து வீட்டுக் கதை பேசாதே. இரண்டாவதை எங்களில் யாரும் கடைப்பிடிக்கவில்லை.

ஆறாம் பாடம் மனைவிக்கு. கணவன் கோபித்தாலும், கை நீட்டினாலும், அவள் வாய் திறக்காமல் ஜெபித்துக் காத்திருக்க வேண்டும், வெளியே சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தது. நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போனேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் அடுத்த குவாட்டர்ஸ் ரோசம்மா அக்கா. அன்று கன்னத்தில் பவுடர் அதிகம். பவுடருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

"அதைத்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து செஞ்சிக்கிட்டு இருக்கேன்லா," என்றார் அக்கா. "இன்னும் எவ்ளோ நாளைக்குன்னு போட்டிருக்கா, பாரு."

நான் உண்மையிலேயே பக்கத்தைப் புரட்டித் தேடினேன். அவ்வளவு மடச்சி. "போடலக்கா," என்றேன்.

ஞானம் ஆன்டி கையை நீட்டினார். "இங்க குடு."

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஆறாம் பாடத்தின் தாள்களில் ஒவ்வொன்றாகப் பசை தடவி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, முழங்கையால் அழுத்தினார். "அடுத்த பாடம் வாசி," என்று என்னிடம் கொடுத்துவிட்டு, ரோசம்மா அக்கா பக்கம் திரும்பினார். "நீ வீட்டுக்குப் போவாத. பிள்ளைங்கள இங்க கூட்டிட்டு வந்துரு. கிள்ளான்ல ஒங்கக்கா இருக்குதுல்ல?"

"அவரு வந்து சத்தம் போட்டா, ஆன்டி?"

"வரட்டும். பசை மிச்சம் இருக்கு."

அவ்வளவு நேரம் அழாத அக்கா, அதற்குச் சிரித்துவிட்டு அழுதார்.

மறுநாள் காலை ரயிலில் நானும் ஆன்டியும் போய் அக்காவையும் பிள்ளைகளையும் கிள்ளானில் விட்டு வந்தோம். மாதர் சங்கம் தன் குடும்பத்தைக் கெடுத்துவிட்டது என்று அக்காவின் புருஷன் பாஸ்டரிடம் போய் முறையிட்டான். பாஸ்டர் வந்தார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஒட்டிக்கிச்சா, சிஸ்டர்?"

"தானா ஒட்டல பாஸ்டர். நாந்தான் ஒட்டினேன்."

"நான் குடுத்த புஸ்தகம்."

"நல்ல புஸ்தகந்தான். எழுதுனவர ஒரு வாரம் ரோசம்மா வீட்டுல இருந்து பாக்கச் சொல்லுங்க. அப்புறம் நானே பிரிச்சுத் தரேன்."

பாஸ்டர் வீரர் இல்லை. பிரசங்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். ஆனால் அக்காவைத் திரும்பி வரச் சொல்லவும் இல்லை. அந்தப் பாடம் சொன்ன மௌனத்தை அவர் கடைப்பிடித்தார். அது போதுமாக இருந்தது. அக்கா கிள்ளானிலேயே தையல் வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். பவுடர் போடுவதை விட்டுவிட்டார்.

குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. ஞானம் ஆன்டி கல்லறையில். பாட்டெல்லாம் திரையில் வருகிறது, அட்டை கழல்வதில்லை. புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு தனியாக வாசிக்கிறார்களே, அதன் மேல்தான் கோபம். அன்று நான் வாசித்தபோது எதிரே ஒரு முகம் இருந்தது.

புதுப் புத்தகத்திலும் அந்தப் பாடம் இருக்கிறது. வார்த்தைகள் மட்டும் நாகரிகமாகிவிட்டன. குழுவில் எழுதினேன்: "குடும்பப் புத்தகத்தில் மனைவி பாடத்தை யாரும் படிக்க வேண்டாம்."

கும்பிடுகிற கைப் படங்கள் வரிசையாக வந்தன. பாஸ்டரும் ஒன்று போட்டார். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.